முதல் கிரெடிட் கார்டு: மால் வாசலில் வாங்காதீங்க, எஃப்.டி.யில் தொடங்குங்க!

முதல் மாதச் சம்பளம் அக்கவுன்ட்டில் ஏறிய கையோடு போன் வந்துவிடும். "சார், ப்ரீ-அப்ரூவ்டு கார்டு சார், லைஃப்டைம் ஃப்ரீ" என்பார்கள். வேண்டாம் என்று கட் செய்தால், சனிக்கிழமை மால் வாசலில் இன்னொருவர் டிராலி பேக்கைக் காட்டி வழிமறிப்பார். அதே நபர் பைக் லோன் கேட்டுப் போனால் மட்டும், "உங்களுக்கு சிபில் ஹிஸ்டரியே இல்லையே" என்று கையை விரிக்கிறார்கள். இதுவரை கடன் வாங்கியதில்லை என்பதே கடன் கிடைக்கத் தடையாகிவிடுகிறது.

யுபிஐ-யில் நாளுக்கு இருபது தடவை பணம் அனுப்பினாலும், டெபிட் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் சிபில் ஸ்கோர் உருவாகாது. அது உங்கள் சொந்தப் பணம். கடன் வாங்கி, அதைத் திருப்பிக் கட்டினால்தான் பதிவாகும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைப் பராமரிக்கின்றன. ஸ்கோர் 300-ல் இருந்து 900 வரை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. ஆனால், வேறொரு காரணம் சொல்ல வங்கிகளுக்குத் தெரியாதா என்ன?

எங்கள் கருத்து இதுதான்: ஏர்போர்ட் லவுஞ்ச், சினிமா டிக்கெட் ஆஃபர் எல்லாம் முதல் கார்டுக்குத் தேவையே இல்லை. முதலில் சம்பள அக்கவுன்ட் இருக்கும் வங்கியில் ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண கார்டு கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் எஃப்.டி. மீது கொடுக்கப்படும் கார்டை வாங்கலாம். பல வங்கிகளில் 10,000 முதல் 25,000 ரூபாய் வரை டெபாசிட் போட்டால் போதும். அதில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ லிமிட்டாகக் கிடைக்கும், டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். மாணவர்கள், ஃப்ரீலான்ஸர்கள், சம்பளச் சீட்டு காட்ட முடியாதவர்கள் எல்லோருக்கும் இதுதான் சுலபமான வழி. ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் அப்ளை செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும். பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றம் வந்துவிடும்.

கார்டு வந்ததும் மொபைல் ரீசார்ஜ், பெட்ரோல் என்று ஒன்றிரண்டு செலவை மட்டும் அதில் வையுங்கள். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 'எப்படியும் எஃப்.டி. இருக்கிறதே, எடுத்துக்கொள்ளட்டும்' என்று பில்லை விட்டுவிட்டால், டெபாசிட்டும் போகும், ஸ்கோரும் போகும்.

பெரிய ஆபத்து பில்லில் 'மினிமம் டியூ' என்று இருக்கும் சின்ன எண்தான். 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 கட்டினால் போதும் என்று காட்டும். கட்டிவிட்டு நிம்மதியாக இருப்போம். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மீதி 19,000-க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120. ஆக, கட்டிய ஆயிரத்தில் 785 ரூபாய் காணாமல் போய்விட்டது. கடனில் குறைந்தது 215 தான். பாக்கி வைத்தால் பொருள் வாங்கிய தேதியில் இருந்தே வட்டி போடுவார்கள் என்பதால் நிஜக் கணக்கு இதைவிட மோசம். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் டீக்கும் முதல் நாளில் இருந்தே வட்டி ஓடும். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

சம்பளத் தேதிக்குப் பிறகு பில் கட்டும் நாள் வருகிற மாதிரி பில்லிங் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தர வேண்டும் என்பது விதி. முழுத் தொகைக்கும் ஆட்டோ-டெபிட் போட்டுவிடுங்கள். மினிமத்துக்குப் போட்டுவிடாதீர்கள், ஆப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கார்டில் ஏடிஎம் பணம் எடுக்கவே கூடாது. "மச்சான், உன் கார்டுல ஒரு போன் எடுத்துத் தாடா, மாசா மாசம் தந்துடுறேன்" என்று நண்பன் கேட்டால் என்ன செய்வது என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது. ஆனால், ரிப்போர்ட்டில் ஏறப்போவது உங்கள் பெயர்.

இப்படி ஆறு மாதம் போனால் பொதுவாக ஸ்கோர் வந்துவிடும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம். நீங்கள் வாங்காத கடன் எதாவது அதில் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.