விண்மீன்களை எண்ணுவதால் யாது பயன்?

எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களை ஆராய்வதால் யாது பயன் எனப் பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு வானியல் வரலாறே தக்க விடை பகர்கின்றது.

இலட்சக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பு விசையினால் பந்துபோல் திரண்டிருக்கும் கூட்டமே கோளக் கொத்து எனப்படும். இவற்றுட் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. 1918 ஆம் ஆண்டளவில் ஹார்லோ ஷாப்லி என்னும் அமெரிக்க அறிஞர் இவற்றின் தொலைவுகளைக் கணித்து, நமது ஞாயிறு பால்வீதியின் நடுவில் இல்லை எனக் காட்டினார். மனிதன் தன் இருப்பிடத்தை அறிந்தது இவ்வாறே.

கன்னி விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில், எம் 87 என்னும் மாபெரும் நீள்வட்ட விண்மீன் மண்டலம் உள்ளது. 2019 இல் வெளியான அதன் கருந்துளைப் படத்தை உலகமே வியந்து நோக்கியது. ஆயினும் அம்மண்டலம் வளர்ந்த கதையை அறிய, அதனைச் சூழ்ந்த கோளக் கொத்துகளையே நாட வேண்டும். பால்வீதியில் இவை 150 க்குச் சற்று மேல். எம் 87 இலோ ஏறத்தாழ 12,000. நிறத்தால் இவை நீலம், சிவப்பு என இருவகைப்படும். கனமான தனிமங்கள் குறைந்த நீலக் கொத்துகளுட் பல, எம் 87 விழுங்கிய சிறு மண்டலங்களிலிருந்து வந்தவை என்பது அறிஞர் கருத்து. அச்சிறு மண்டலங்கள் சிதைந்து மறைந்தன. கொத்துகள் மட்டும் சான்றாக எஞ்சியுள்ளன.

இச்சான்றுகளைத் திரட்டியது அறிஞர்தம் நெடுநாட் பொறுமையே. பெற்றோரே, வானத்தைக் காட்டி வினவும் பிள்ளையிடம் "இது தேர்வுக்கு வருமா?" எனக் கேளாதீர்கள். மாணவர்களே, எண்ணத் தயங்காதீர்கள், எண்ணியவரே அறிந்தனர்.