பிள்ளை கேட்கும் பைக்: எதைப் பார்த்து வாங்குவது?

ஊறுகாய்க்கும் உரைமருந்துக்கும் நடுவிலே மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா, சகோதரிகளே? வீட்டில் இருபது வயசுப் பையன் இருந்தால் தானாகவே வந்துவிடும்!

எங்கள் தென்னேரியைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஒரகடத்தில் 2013-இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. பிறகு வல்லம் வடகாலில் யமஹாவும் வந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். கையில் சம்பளம் வந்ததும் பந்தய வண்டி மாதிரி பைக் கேட்கிறார்கள். என் பிள்ளை மூன்று பெயரை எழுதிக் கொடுத்து, "நீயே பார்த்துச் சொல்லும்மா" என்றான். ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றால் சிநேகிதன் வண்டியை வாங்கி ஓட்டுவான். ஆகவே, புடவையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது யமஹா ஆர்15. நம் நாட்டில் 2008-இல் வந்தது. இப்போது 155 சி.சி., சுமார் 18 குதிரைத் திறன், எடை 140 கிலோ சொச்சம். இரண்டாவது கே.டி.எம். ஆர்.சி. 200, சுமார் 25 குதிரைத் திறன். மூன்றாவது நம் ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.ஆர். 310. 2017 டிசம்பரில் 34 குதிரைத் திறனோடு வந்தது. 2024-இல் 38 ஆக்கினார்கள். எடை சுமார் 174 கிலோ.

திறன் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வாலாஜாபாத் சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு எதிரே லாரி, குறுக்கே மாடு. முதல் வண்டி வாங்குகிறவனுக்கு இலேசான வண்டியே போதும்.

அடுத்தது உட்காரும் விதம். இந்த வண்டிகளில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். கால் வைக்கும் இடம் பின்தள்ளி இருக்கும். குனிந்தே ஓட்டவேண்டும். நெரிசலில் மெதுவாகப் போகும்போது உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். நாளெல்லாம் தறியில் குனிந்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை! தினமும் வேலைக்குப் போய்வர இது உதவுமா?

இங்கேதான் நமக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. மூன்றுக்குமே கூடப்பிறந்த வண்டி ஒன்று உண்டு. ஆர்15-இன் எஞ்சின் குடும்பமேதான் எம்.டி.15-இலும். ஆர்.சி.க்கு டியூக் 200, ஆர்.ஆருக்கு ஆர்.டி.ஆர். 310. இவற்றில் கைப்பிடி உயரம், நிமிர்ந்து உட்காரலாம். பிள்ளையின் ஆசையும் கெடாது, முதுகும் கெடாது.

மூன்றாவது, பின்னால் உட்காரப்போகிற நாம்! பின்சீட்டு உயரமாக, முறம் அகலம்கூட இல்லாமல் இருக்கும். மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பும் இருக்கவேண்டும். அழகு கெடுகிறதென்று பையன்கள் அந்தத் தடுப்பைக் கழற்றிவிடுவார்கள். கழற்ற விடாதீர்கள். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கடையில் கேட்க வேண்டியவை:

சடாரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏ.பி.எஸ். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். இரண்டு சக்கரத்துக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புது வண்டிக்கு 5 வருஷத்துக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான். நம் வண்டிக்குத் தனியாக எடுக்கவேண்டும். ஓட்டுகிற சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் விடாதீர்கள்.

2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆயிற்று; அதற்கு மேல் 40. நான் சொன்ன வண்டிகள் எல்லாம் 350-க்குள்ளேதான்.

பள்ளிக்கூடப் பையன் கேட்டால் மட்டும் மனசு இளகவே கூடாது. கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்து லைசென்ஸ் வேண்டும். 2019-இல் திருத்திய சட்டப்படி, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று? பிள்ளையை இரண்டு தினுசு வண்டியையும் ஓட்டிப்பார்க்கச் சொன்னேன். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எம்.டி.15 போதும் என்று அவனே சொன்னான். மிச்சமான பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்கினோம், ஒன்று எனக்கு. தாடைப் பட்டையை மாட்டாமல் போட்டுக்கொண்டால் ஹெல்மெட் வெறும் தொப்பிதான். வாசலில் வழியனுப்பும்போது அந்தப் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.