வெற்றித் தூணும் பலாமரமும்

இடைக்காலக் கற்பனை உலகில் நிகழும் போர்வியூக விளையாட்டுகளில் பலரும் தோற்பது தொடக்கக் கட்டத்திலேயே. 2017இல் வெளிவந்த 'பேட்டில் பிரதர்ஸ்' ஆட்டத்தில் கூலிப்படைத் தலைவனிடம் முதலில் மூன்றே வீரர்கள். நாள்தோறும் கூலியும் உணவும் தரவேண்டும், இறந்தவன் மீள்வதில்லை. எதிர்ப்படும் பகையோடெல்லாம் மோதுபவன் விரைவில் அழிகிறான். விலக வேண்டிய போரை அறிந்து விலகுபவனே வளர்கிறான்.

விலகுதலைக் கோழைமை என்போர் திருவனந்தபுரத்தின் வரலாற்றை நோக்கலாம். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர், இளவரசராக இருந்தபோது எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி மறைந்து திரிந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அரசரான பின் முதலில் உள்நாட்டுப் பகையை ஒடுக்கினார். குளச்சலில் டச்சுப் படையை வென்றது 1741இல்தான். அங்கே சிறைப்பட்ட டி லனாயைக் கொண்டே தம் படைக்குப் பயிற்சியும் அளித்தார். பகைவனின் திறனையும் தன் வளமாக்கும் கணக்கு அது.

ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. விளையாட்டில் தோற்றவர் மீண்டும் தொடங்கலாம்; பிள்ளைமாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அரசரின் முன்னேற்றத்துக்கு அவர்கள் குடும்பங்கள் விலை கொடுத்தன.

குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. ஆயினும் தொடக்கக் கட்டத்தின் பாடம், நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் காக்கப்படும் அந்தப் பட்ட மரத்தில்தான் இருக்கிறது.