சிலியில் வென்ற பிள்ளைகள்

“பல மொழி, பல மதம் கொண்ட ஜனங்கள் ஒரே ராஜ்யத்தில் வாழ முடியாது; சந்தேகமிருந்தால் யுகோஸ்லாவியாவைப் பாருங்கள்!” முதலாளித்துவப் பத்திரிகைகள் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஓதிவரும் மந்திரம் இது. சரி, பார்ப்போம். அவர்கள் கைகாட்டுகிற கல்லறைகளுக்குப் போகுமுன், அவர்கள் கைகாட்டாத ஓர் இடத்தைப் பார்ப்போம். அது ஒரு கால்பந்து மைதானம்.

1987 அக்டோபரில் சிலி நாட்டில் இருபது வயதுக்குட்பட்ட வாலிபர்களுக்கான உலகக் கால்பந்துப் போட்டி நடந்தது. பதினாறு நாடுகள் கலந்துகொண்டன. யுகோஸ்லாவிய இளைஞர் அணி முதல் ஆட்டத்திலேயே சிலியை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று தோற்கடித்தது. ஆஸ்திரேலியாவுக்கு நான்கு கோல், டோகோவுக்கு நான்கு கோல். கால் இறுதியில் பிரேசில், அரை இறுதியில் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு, இரண்டும் 2-1 என்று வீழ்ந்தன. அக்டோபர் 25 அன்று இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி எதிரே நின்றது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் போபன் கோல் அடித்தார். இரண்டே நிமிஷத்தில் ஜெர்மானியர் பெனால்டியில் சமன் செய்தனர். கடைசியில் பெனால்டி உதைகளில் 5-4 என்று பட்டம் யுகோஸ்லாவியாவுக்குக் கிடைத்தது. வெற்றி உதையைப் போட்டவரும் போபன்தான்.

சாண்டியாகோ தேசிய மைதானம் என்ற பெயரைக் கேட்டாலே உழைப்பாளி மக்களின் நெஞ்சு கொதிக்கும். 1973 செப்டம்பரில் அயெந்தே சர்க்காரைக் கவிழ்த்த பினோசெட்டின் ராணுவம், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களையும் மாணவர்களையும் அங்கேதான் அடைத்துச் சித்திரவதை செய்தது. அதே நவம்பரில் அந்த இடத்தில் ஆட மாட்டோம் என்று சோவியத் அணி மறுத்து, உலகக் கோப்பை வாய்ப்பையே இழந்தது. எதிராளி இல்லாத மைதானத்தில் சிலி அணியினர் வெற்றுக் கோலுக்குள் பந்தை உதைத்தார்கள். அந்தக் கேலிக்கூத்தும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. 1987லும் அங்கே பினோசெட் ஆட்சிதான். அங்கே போய் ஆடியது சரியா என்று கேட்டால், சரியல்ல என்பதே நமது கருத்து. ஆனால் அந்தக் குற்றம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுடையது அல்ல.

யார் இந்தப் பிள்ளைகள்? போபன் குரோஷியாவின் இமோட்ஸ்கிக்காரர். ஆறு கோல் அடித்த ஷூகர் ஸ்லவோனியாவிலுள்ள ஒசியெக் நகரத்தவர். மியாத்தோவிச் மாண்டிநீக்ரோவின் தலைநகரில் பிறந்தவர்; அந்நகருக்கு அப்போது டிட்டோகிராட் என்று பெயர். பெட்ரிச் பெல்கிரேடுக்காரர். பிப்லிட்சா போஸ்னியாவில் பிறந்தவர். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து பெற்ற புரோசினெச்கியின் கதை இன்னும் விசேஷமானது. பிழைப்புத் தேடி மேற்கு ஜெர்மனிக்குப் போன லட்சக்கணக்கான யுகோஸ்லாவியத் தொழிலாளர்களில் அவருடைய பெற்றோரும் சேர்த்தி. அங்கேதான் 1969ல் அவர் பிறந்தார். தந்தை குரோஷியர், தாய் செர்பியர். ஜாக்ரெப் நகரத்து டினாமோ கிளப் அவருக்கு ஒப்பந்தம் தர மறுத்தது. பெல்கிரேடின் செஞ்சிவப்பு நட்சத்திரக் கிளப் சேர்த்துக்கொண்டது. போட்டியின் நடுவில் அந்தக் கிளப் தன் சொந்த ஆட்டத்துக்காக அவரைத் திரும்ப அழைத்தபோது எதிர்த்து நின்றவர்கள் சக ஆட்டக்காரர்கள். அவர்களில் யாரும் ‘அவன் எந்த இனம்?’ என்று கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு எங்கே வந்தது விஷம்? மைதானத்திலிருந்து அல்ல, கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்திலேயே யுகோஸ்லாவியாவின் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். சர்வதேச நிதி நிறுவனம் வாசலில் வந்து உட்கார்ந்தது. 1987ல் சர்க்கார் கூலியை உறைய வைத்தது. விலைவாசியை உறைய வைக்க முடியவில்லை. அந்த ஒரே வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன.

போரோவோ என்ற ஊரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக்கும் செருப்பு விற்ற பாட்டா முதலாளி 1931ல் தொடங்கிய ஆலை அங்கே இருந்தது. யுத்தத்துக்குப் பின் ஜனங்களின் உடைமையான அந்த ஆலையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். செர்பியர், குரோஷியர், இன்னும் பலர். 1988 ஜூலையில் அந்தத் தொழிலாளர்கள் பெல்கிரேடுக்குப் போய் மத்திய பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்து நியாயம் கேட்டார்கள். குரோஷிய ராஜ்யத்துத் தொழிலாளிக்கு செர்பியத் தலைநகரம் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் அதே அக்டோபரில் பெல்கிரேடின் ராகோவிட்சா ஆலைத் தொழிலாளர்கள் பார்லிமெண்டின் முன் கூடியபோது வெளியே வந்து பேசியவர் மிலோசெவிச். தொழிலாளிகளாக வந்தவர்கள் செர்பியர்களாகத் திரும்பிப் போனார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த மிலோசெவிச் யார்? செர்பியக் கம்யூனிஸ்ட் லீகின் தலைவர்! பிள்ளைகள் சிலிக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, 1987 செப்டம்பரில் நடந்த மத்தியக் கமிட்டிக் கூட்டத்தில்தான் தேசிய வெறியை ஏணியாக்கி மேலே ஏறினார். எதிர்ப்புறத்தில் குரோஷிய வெறியைக் கிளப்பிய டுட்ஜ்மன் யார்? அவரும் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய கொரில்லாப் படையில் இருந்து தளபதியானவர். டிட்டோவின் பாதையைப் பற்றி 1948 முதல் நம் இயக்கத்தில் நடந்த தர்க்கங்களை இங்கே கிளறவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஏகாதிபத்தியத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. ஏகாதிபத்தியம் கதவைத் தட்டியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்தவர்கள் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1990 மே 13 அன்று ஜாக்ரெபில் டினாமோவும் செஞ்சிவப்பு நட்சத்திரமும் மோத வேண்டிய நாளில் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். போபன் ஒரு போலீஸ்காரரை உதைத்தார். தண்டனையால் அவ்வருஷ உலகக் கோப்பையை இழந்தார். அந்தச் செப்டம்பரில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் யுகோஸ்லாவியாவும் சோவியத் யூனியனும் சந்தித்தன. முதல் ஆட்டம் சரயேவோவில், அக்டோபரில் இரண்டாவது சிம்ஃபரோபோலில். இரண்டிலும் சோவியத் வென்றது. அடுத்த வருஷ முடிவில் சோவியத் யூனியன் இல்லை. யுகோஸ்லாவியாவும் உடைந்து கிடந்தது. இரண்டு வருஷத்துக்குள் சரயேவோ முற்றுகையில் கிடந்தது.

1991 மே 2 அன்று போரோவோ கிராமத்தில் பன்னிரண்டு குரோஷியப் போலீஸார் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்து நடந்த தொழிலாளர்களின் ஊரை ஒட்டிய இடம்! நவம்பரில் பக்கத்து நகரமான வுகோவார் இடிபாடாயிற்று. 1995ல் ஸ்ரெப்ரெனிட்சாவில் செர்பியப் படைகள் சுமார் எண்ணாயிரம் முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றன. 1999ல் நேட்டோ விமானங்கள் 78 நாள் குண்டு பொழிந்தன.

சிலியில் வென்றவர்கள்? 1998 உலகக் கோப்பையில் போபன், ஷூகர், புரோசினெச்கி, யார்னி, ஸ்டிமாக் ஐவரும் குரோஷியாவுக்கு மூன்றாமிடம் வாங்கித் தந்தார்கள். மியாத்தோவிச் மிஞ்சிய யுகோஸ்லாவியாவுக்கு ஆடினார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ரியல் மாட்ரிட் சட்டையில் அவரும் ஷூகரும் ஒன்றாக ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தார்கள். பணம் கொடுக்கும் கிளப்புக்காக ஒரே அணியில் ஆடலாம். பிறந்த மண்ணுக்காக மட்டும் கூடாதாம்! 1999 அக்டோபர் 9 அன்று ஜாக்ரெபில் குரோஷியாவும் யுகோஸ்லாவியாவும் மோதின. ஆட்டம் 2-2. விருந்தாளிகளின் ஒரு கோலை அடித்தவர் மியாத்தோவிச்.

இகோர் ஸ்டிமாக்கை நம் வாசகர்கள் அறிவார்கள். 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர். தோல்விகளுக்காக அவரைத் திட்டித் தீர்த்த பத்திரிகைகள், அவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு வரி எழுதவில்லை. 1987ல் அவர் சிலிக்குப் புறப்பட்டது வின்கோவ்சி கிளப்பிலிருந்து. அங்கிருந்து போரோவோ செருப்பாலை ஒரு பஸ் பிரயாண தூரம்தான். மணிப்புரி, மலையாளம், பஞ்சாபி, மிசோ, வங்காளி என்று ஆளுக்கொரு மொழி பேசும் பிள்ளைகளை ஒரே அணியாக ஆட வைப்பதே இங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.