பெட்டியில் அச்சாக வேண்டிய மதிப்பெண்

கைபேசிகளை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் தரும் பழுதுபார்ப்புக் குறியீடு வேண்டும் என்று பரத் கேரா தலைமையிலான குழு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை கொடுத்தது. எளிதில் கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் காலத்தில் கிடைக்குமா, மென்பொருள் புதுப்பிப்பு வருமா என்ற அளவுகோல்களில் குறையில்லை. ஆனால், மதிப்பெண் போடப்போவது தயாரித்த நிறுவனமேதான். கூடுதல் சுமை இல்லாமல் சுயமாக அறிவித்தால் போதுமாம். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தும் ஏற்பாடு இது.

இந்த மதிப்பெண் ஏன் வேண்டும்? விளம்பரங்கள் ரேமையும் மெகாபிக்சலையும்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. கைபேசியின் ஆயுளைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை என்பதற்கு 2008-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்.டி.சி. ட்ரீமில் 528 மெகாஹெர்ட்ஸ் செயலி, 192 எம்.பி. ரேம், 3.2 மெகாபிக்சல் கேமரா. ஆகஸ்டில் ஏர்டெல்லும் வோடஃபோனும் 31,000 ரூபாய்க்கு இங்கே விற்கத் தொடங்கிய ஐபோன் 3ஜியில் 412 மெகாஹெர்ட்ஸ், 128 எம்.பி., 2 மெகாபிக்சல். மூன்றிலும் ட்ரீமுக்கே வெற்றி. ஆனால், ட்ரீமுக்கான அதிகாரபூர்வப் புதுப்பிப்பு 2009-இல் வந்த ஆண்ட்ராய்டு 1.6-உடன் நின்றுபோனது, ஐபோனுக்கோ 2010 நவம்பர் வரை வந்தது. கடைசிப் பதிப்புகளில் அது திணறியது உண்மைதான், என்றாலும் கைவிடப்படவில்லை. பேட்டரிக்கு வந்தால் தீர்ப்பு தலைகீழ். ட்ரீமின் 1150 எம்.ஏ.எச். பேட்டரியை மூடியைத் திறந்து யாரும் மாற்றலாம், மெமரி கார்டும் போடலாம். ஐபோனில் இரண்டுக்கும் வழியில்லை. காசு கொடுப்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை இவைதான், மெகாஹெர்ட்ஸ் அல்ல.

பேட்டரியைக் கழற்றும்படி வைத்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்பார்கள். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 கழற்றும் பேட்டரியோடே ஐ.பி.67 தரம் பெற்றிருந்தது. மறு ஆண்டு எஸ்6-இல் மூடியை ஒட்டினார்கள். நீர்காப்புத் தரமும் போனது. இதற்குப் பிறகும் அந்த வாதத்தைத் தூக்கிவருபவர்களோடு பேசிப் பயனில்லை. பிரான்சிலும் மதிப்பெண்ணை நிறுவனங்களே கணக்கிடுகின்றனவே என்று கேட்கலாம். அங்கே 2021-இல் மதிப்பெண்ணைக் காட்டுவது சட்டக் கட்டாயமானது, தவறினால் அபராதம் என்றும் ஆனது. அந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டுச் சுய அறிவிப்பை மட்டும் இரவல் வாங்குவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் சேக்காட்டிலும் ஆவடியிலும் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் டிஸ்பிளேவுக்கும் பேட்டரிக்கும் சென்னை ரிச்சி தெருவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கையில் கிடைப்பது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதற்கு அவரிடமும் உத்தரவாதம் இல்லை. கைபேசிகளைப் பாதுகாப்புக்காக இந்திய தர நிர்ணய அமைவனம் ஏற்கெனவே கட்டாயப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுக்கான சோதனை நடக்கும் ஆய்வகங்களிலேயே ஒவ்வொரு மாடலையும் கழற்றிப் பார்த்து மதிப்பெண் போடட்டும்; ரேமுக்குக் கொடுக்கும் அதே எழுத்தளவில் பெட்டியின் முகப்பில் அச்சிடச் சட்டம் வரட்டும். வந்தால், மூன்றே ஆண்டுகளில் ஒட்டிவைத்த பேட்டரி இந்தியச் சந்தையைவிட்டே ஒழிந்துவிடும்.