கம்பும் செல்போனும் யார் கையில்?

சிலம்பம் தமிழனின் வீரக்கலை என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். எந்தத் தமிழன் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஊர் நோம்பியில் கம்பு சுத்துகிறவன் நடுவில் நிற்பான். அவன் காலுக்குத் தாளம் கொடுக்கிற தப்பட்டைக்காரர் ஓரத்தில் நிற்பார். தாளம் நம்முடையது, மரியாதை அவர்களுடையது, கலை மட்டும் எல்லாருக்கும் பொதுவாம்! தீரன் சின்னமலை பேரைச் சொல்லிப் புல்லரிக்கிற வாய், அவர் படையில் நின்ற அருந்ததியர் பொல்லான் பேரை மட்டும் விழுங்கிவிடும். இதுதான் இவர்களுடைய வீர வரலாறு.

குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் காலனியில் சில வருசமாக ஒரு சிலம்பப் பள்ளி நடத்துகிறோம். பள்ளி என்றால் கட்டடம் கிடையாது. தெருவிளக்கு, மண்தரை, மூங்கில் கம்புகள், ஒரு வாட்ஸ்அப் குழு. அவ்வளவுதான். கம்பு எனக்கு உள்ளூர் வாத்தியார் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்து ஊரில் ஒருவரிடம் கேட்டதற்கு, ‘உங்காளுகளுக்கு இதெல்லாம் எதுக்குடா, போய் வேலையப் பாரு’ என்று பதில் வந்தது. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்த மதுரைக்காரர் ஒருவர், லைன் வீட்டு மொட்டைமாடியில் கால்வரிசை சொல்லிக் கொடுத்தார்.

வாட்ஸ்அப் குழு என்றதும் நம் தோழர்கள் சிலருக்கே இளக்காரம். ‘தெருவில் திரட்ட வேண்டிய சனத்தைச் செல்போனுக்குள்ள அடைக்கிறீங்களே’ என்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கள் சனத்தின் பொழுது யாருடையது என்று யோசியுங்கள். காலையில் எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. கப்பலுக்குச் சரக்கு போக வேண்டும் என்றால் விடிய விடிய. டெய்லர், கைமடி, செக்கிங் என்று வீட்டுக்கு மூன்று பேர் மூன்று கம்பெனிக்குப் போகிறார்கள். யாரை எங்கே எப்போது கூட்டுவது? ‘இன்னிக்கு நைட்டு இருக்குங்க, நாளைக்கு வரோம்’ என்று குரல் பதிவு வருகிறது. அதைக் கேட்டுத்தான் வகுப்பு நேரம் வைக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பேசிவிடலாம். வர முடியாதவர்களுக்கு அன்றைய காலடியை மெதுவாக ஓடும்படி படம் பிடித்துப் போடுகிறோம்.

அடுத்தது, ஆதிக்கச் சாதி இந்தக் கருவியை எப்போதோ எடுத்துக்கொண்டது. 2015இல் கோகுல்ராஜ் கொலையில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் சவால் விட்டுப் பேசினார். 2022இல்தான் ஆயுள் தண்டனை வந்தது. அந்த ஏழு வருசத்தில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பையன்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு, செல்போனில் சாதிப் பெருமை ஸ்டேட்டஸ். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்கள் செல்போனில் அமைப்பாகிறபோது நாம் மட்டும் துண்டறிக்கையோடு நிற்க வேண்டுமா?

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. பத்து வயசுப் பிள்ளையானாலும் ‘வாங்க, போங்க’தான். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியும். கொங்கு நாட்டில் ‘ங்க’ என்ற ஒரு அசைக்குள் எவ்வளவு சாதி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எழுபது வயசுப் பெரியவரை ‘டேய்’ என்று கூப்பிடுகிற பொடியனுக்கு அவர் ‘ஏனுங்க சாமி’ என்று பதில் சொன்ன மண் இது. எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘ங்க’ போட்டுப் பழகட்டும். கம்பு பிடிப்பதற்கு முன்னால் கற்க வேண்டிய வரிசை அதுதான்.

2016 மார்ச் 13 அன்று, இதே திருப்பூர் மாவட்டத்தில், உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. தெரு வேடிக்கை பார்த்தது. ஒரு கம்பு இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் கதை அளக்க மாட்டேன். கேமரா சாட்சி சொல்லும், ஓடி வராது. ஓடி வருகிற மனுசரை உருவாக்குவதுதான் அமைப்பு. எங்கள் குழுவில் ராத்திரி வருகிற முக்கியமான செய்தி ‘வேன் எறங்கிட்டேனுங்க’ என்பது. மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு இருட்டில் நடக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் நாலு பேர் கம்போடு கிளம்புகிறார்கள். அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். இதைச் செல்போனுக்குள் அடைப்பது என்றா சொல்வீர்கள்?

செல்போன் கம்பெனியும் வாட்ஸ்அப்பும் நம்முடையவை அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் எல்லார் பேரும் நம்பரும் ஒரு நோட்டிலும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் ஆடுகிற படம் குழுவைத் தாண்டக் கூடாது. அட்மின் மாதம் ஒருவர் மாறுவார். வாத்தியாருக்குக் காலில் விழுவதும் கிடையாது.

பிரேசிலில் கறுப்பின அடிமைகள் வளர்த்த கபோயிராவை அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் 1890இல் குற்றம் என்றது. 2014இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியம் என்று ஏற்றது. சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக ஏறிவிட்டது. நாளைக்குச் சான்றிதழும் பதக்கமும் பெருகும். அப்போது ‘இது எங்கள் பரம்பரைச் சொத்து’ என்று வாத்தியார்கள் பலர் முளைப்பார்கள். அதற்குள் நம் காலனிகள்தோறும் மண்தரையில் கால்வரிசை பதிய வேண்டும். ஓரத்தில் நின்று தப்பட்டை அடித்தவர் பேத்தி நடுவில் நின்று கம்பு சுத்துவாள். தாளம் போட விரும்புகிறவர்கள் யாராயிருந்தாலும் வரட்டும். ஆனால் எங்களை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டுவிட்டு வரட்டும்.