எரிபொருட் குழாயும் ஆசிரியர் கடமையும்

மோட்டார் வண்டியொன்றைத் தம் கையாலேயே கட்ட முனைவோர், எஞ்சினை முதலிலும் பெட்ரோல் குழாயை இறுதியிலும் நினைப்பது வழக்கமாகிவிட்டது. அடிச்சட்டம் அமைந்து, சக்கரங்கள் பூட்டப்பெற்று, மின்கம்பிகளும் பொருத்தப்பட்ட பின்னர் எஞ்சி நிற்கும் இடுக்கு எதுவோ, அதுவே பெட்ரோல் செல்லும் பாதையாகிறது. இவ்வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பதே நம் கருத்து.

உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே வண்டி கட்டும் வழக்கம் இங்கிலாந்தில் நன்கு வேரூன்றியது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டியை, முழு வண்டிக்குரிய கொள்முதல் வரியைத் தவிர்க்கும் பொருட்டுப் பலர் உறுப்புக்களாக வாங்கித் தம் கொட்டகையில் பூட்டினர். 1973ஆம் ஆண்டில் அவ்வரி ஒழிந்த பின்னும் அவ்வழக்கம் ஒழியவில்லை. நம் நாட்டில் அத்தகைய கொட்டகையின் இடத்தைக் கல்லூரித் தொழிற்கூடம் பெற்றுள்ளது. மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரிலும் கோவையிலும் நடைபெற்றுள்ள மாணவர் வண்டிப் போட்டிகளுக்காகப் பல கல்லூரிகளின் மாணாக்கர் தாமே வண்டி கட்டியுள்ளனர். ஆதலின் இப்பொருள் ஆசிரியர்க்கு அயலானதன்று.

தொழிற்சாலையில் உருவாகும் வண்டியின் குழாய்ப் பாதை பலமுறை சோதிக்கப்பட்ட பின்னரே விற்பனைக்கு வருகிறது. கையால் கட்டிய வண்டியோ ஒன்றே ஒன்று. அதன் முதற் பிழையை அதனுள் அமர்ந்திருப்பவரே கண்டறிய நேரும். பெட்ரோலின் இயல்பை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேட் அளவிலுங்கூட அது பற்றத்தக்க ஆவியை வெளியிடும். அவ்வாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே மேலெழுந்து கலைந்து போகாமல் தாழ்விடங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும்.

எஞ்சின் முன்னும் தொட்டி பின்னும் உள்ள வண்டியில், குழாய் வண்டியின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். அப்போது நடுச் சுரங்கம் எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அங்கேதான் இயக்கத் தண்டு சுழல்கிறது. பாட்டரிக் கம்பியும் பெரும்பாலும் அவ்வழியே செல்கிறது. தண்டின் இணைப்பு முறிந்தால் அது குழாயை வெட்டும். உராயும் கம்பி பொறியை எழுப்பும். வெளிப்புறமாகச் சென்றால் கல்லும் மோதலும் தாக்கும் என்பது மறுப்பு. அது நியாயமே. ஆகவே, அடிச்சட்டக் குழலின் உட்பக்கத்தில், அதன் அடிவிளிம்புக்கு மேலாக, புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் செல்லும் பாதையே சிறந்தது. சுரங்கத்தை விட்டால் வேறு வழியில்லையெனில், எஃகுக் குழாயைக் கொள்க; மின்கம்பியை மறுபுறம் ஒதுக்குக; தண்டு முறிந்தால் அதைத் தாங்க வலிய வளையம் அமைக்க.

பாதை மட்டும் போதாது, பிடிப்பும் வேண்டும். தொங்கும் குழாய் அதிர்ந்து, நாளடைவில் வெடிக்கும். செம்பு அதிர்வினால் இறுகி முறியும் இயல்புடையது. எனவே நீண்ட ஓட்டத்திற்கு எஃகு ஏற்றது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் ரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். எஞ்சின் அசைவதால், அதனருகே மட்டும் வளையும் குழாய் தேவை. அக்குழாயும் தரமறிந்து வாங்கத்தக்கது. கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் மிகக் குறைவு. எரிபொருளைப் பீச்சும் முறையிலோ அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு. முன்னதற்குரிய குழாயைப் பின்னதற்குப் பூட்டுதல் பெரும் பிழை. மேலும், நம் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. அதற்கென அமையாத பழைய ரப்பர் அதில் ஊறி வலுவிழக்கும்.

"தீயணைக்கும் கருவிதான் இருக்கிறதே, போட்டி நாள் நெருங்குகையில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று மாணாக்கர் வினவலாம். அக்கருவி தீ தோன்றிய பின்னரே பயன்படும். நல்ல பாதையோ தீயே தோன்றாமற் காக்கும். அன்றியும், குழாயின் பாதையை முதலிலேயே வரைந்துவிட்டால் காலம் மிச்சமாகும். இறுதியில் மாற்றுவதுதான் நாளை விழுங்கும்.

எனவே ஆசிரியர்கள் மூன்று செயல்களை விதியாக்குதல் நலம். வரைபடத்தில் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடம் குறித்தவுடன் குழாய்ப் பாதையையும் குறிக்கச் செய்க. மோதல் நேர்ந்தால் பெட்ரோல் பம்பின் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் விசையின்றி வண்டியை நகரவிடாதிருக்க. எஞ்சினை முதன்முறை முடுக்குமுன், திறந்த வெளியில் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்க்கச் செய்க. தாளில் ஈரம் தோன்றினால் அன்றைய வேலை அவ்வளவே.

எஞ்சினின் வேகத்திற்கு மதிப்பெண் தருகிறோம். எவர் கண்ணிலும் படாத இக்குழாய்க்கும் தருவோமாயின், மாணாக்கர் பொறியியலோடு பிறர் உயிரைப் பேணும் பொறுப்பையும் கற்பர்.